முப்பத்து மூன்றில் சுழன்ற பிரெஞ்சுத் தட்டு

ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்த என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. எழுதுகிற உறவா நம்முடையது? போலகத்தில் சைக்கிளை எடுத்து மிதித்தால் கொஞ்ச நேரத்தில் திருமலைராயன்பட்டினத்தில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். போன வாரம் அக்கா வீட்டில் ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பிரெஞ்சு இசைத்தட்டில் இருக்கும் ஆறு பாட்டுக்கும் நான் உங்களுக்குச் சொன்ன அர்த்தம் அத்தனையும் பொய். ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. நாலு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், உங்கள் முன்னால் உட்கார்ந்து கொஞ்சமும் கூசாமல் கதை விட்டேன். நீங்கள் அதை நம்பிக்கொண்டே போய்விட்டீர்களா, இல்லை, பெண்டாட்டியின் தம்பி ஒரு புளுகன் என்று தெரிந்துகொண்டு போனீர்களா? போன வாரம்வரை இந்தக் கேள்வி என்னைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

இந்தக் கடிதத்தை உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். பொய்யைத் தெருவே கேட்கும்படி சொன்னவன், உண்மையை மட்டும் காதோடு காதாகச் சொன்னால் நன்றாக இருக்காது. அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் நடுநடுவே மற்றவர்களுக்காகச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் நீங்கள் என் அக்காவைக் கட்டிக்கொண்டு போனபோது உங்களிடம் இருந்தது ஒரு ஆம்பிளிபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர். காரைக்காலிலிருந்து பட்டினம்வரை காதுகுத்து, கல்யாணம், கந்தூரி, கோயில் கொடை எதுவானாலும் உங்கள் மைக் செட்தான். பத்து வருஷத்தில் குழாய் எட்டாகிவிட்டது. பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்பது உங்களுக்குக் கை ரேகை மாதிரி. தாலி கட்டுகிற நேரத்தில் தப்பான பாட்டைப் போட்ட எவனையும் நீங்கள் மைக் செட்காரன் என்று ஒத்துக்கொண்டதில்லை.

நானோ எங்கள் விவசாயக் குடும்பத்தில் முதல்முதலாகச் சம்பளத்துக்குப் போனவன். அதுவும் பிரெஞ்சு வாத்தியாராக. பிரெஞ்சுக்காரன் போன பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, புத்தகத்தில் பிரெஞ்சு படித்து, புத்தகத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்களின் வீட்டுக்கு வரும் கடுதாசிகளைப் படித்துச் சொல்வேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே, அந்த இலுப்பைப் பூ நான்தான். ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரர் வாய் திறந்து வேகமாகப் பேசி நான் கேட்டது என் ஆயுசில் இரண்டு மூன்று தடவை இருக்கலாம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

தலத்தெரு சொல்தா வீட்டுச் சரோஜாக்கா பிரான்சிலிருந்து லீவில் வந்தபோது மகளுக்குக் காது குத்தினார்கள். மைக் செட் நீங்கள். விசேஷம் நன்றாக நடந்த சந்தோஷத்தில் அவர்கள் பெட்டியைத் திறந்து ஏழெட்டு இசைத்தட்டுகளை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார்கள். எல்லாம் வெறும் தட்டு, காகித உறைக்குள்.

"அட்டையெல்லாம் பொட்டியில எடத்த அடைக்குதுன்னு அங்கேயே போட்டுட்டு வந்துட்டேண்ணே. என் மவன் வாங்கி வச்சிருந்ததுல கையில கெடச்சத அள்ளிக்கிட்டு வந்தேன். நீங்க கேளுங்க" என்றார்கள்.

மற்ற தட்டுகள் எல்லாம் அக்கார்டியன் வாசிப்பும் பழைய காதல் பாட்டும். இரண்டு நாளில் நமக்கு அலுத்துவிட்டது. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஒரு பக்கம் கையால் வரைந்த ஒரு குருவி, மறுபக்கம் ஒரு குடை. பாட்டின் பேர், பாடுகிறவர் பேர், கம்பெனி பேர் எதுவும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொல்லைப் பக்கத்துக் கொட்டகையில் அதை வைத்தீர்கள். மைக் செட் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே கணக்குதான். சின்னத் தட்டு என்றால் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று, பழைய கனத்த தட்டு என்றால் எழுபத்தெட்டு. இது பெரிய தட்டு. யோசிக்காமல் முப்பத்து மூன்றில் வைத்து முள்ளை இறக்கினீர்கள்.

அத்தான், அந்த முதல் பாட்டு ஆரம்பித்த விதம் இப்போதும் எனக்கு உடம்பில் இருக்கிறது. டிரம் ஒன்று, ரொம்ப நிதானமாக, பாரம் தூக்கிப் போகிறவர்களின் காலடி மாதிரி. அதற்கு மேல் கிட்டார், நீட்டி நீட்டி. பிறகு ஒரு ஆண் குரல். அப்படித்தான் அப்போது நினைத்தோம். நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து வருகிற கனத்த குரல். நாம் சினிமாவில் கேட்ட எந்தக் குரலோடும் அது சேரவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது மனிதர்கள் செய்ததுதானா என்று இருந்தது.

குழாய்க்குப் போகும் கம்பியைக் கழற்ற மறந்துவிட்டீர்கள். பாட்டு தெருவுக்கே போய்விட்டது. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு மரைக்காயர், யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறிப்போய் உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, யாரு வூட்ல மவுத்து?"

"மவுத்தெல்லாம் இல்ல மாமா, பிரான்சு பாட்டு" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. "என்ன சொல்றான் மாப்ள இவன்?"

மரைக்காயர் என்னைப் பார்த்தார். மீன்காரப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, தம்பி பெருமையைக் கேட்கத் தயாராக நின்றாள். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவனுக்கு ஒரு வார்த்தைகூட. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து விஷயம். "கடலுக்குப் போனவன் திரும்பி வரல. அவனோட அண்ணன் கரையில நின்னு பாடுறான்" என்றேன்.

மீன்காரப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். என் வார்த்தை உங்களை அழ வைத்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். இன்றைக்கு அதை நினைத்தால் கூசுகிறது.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் செய்த பெட்டி ஸ்பீக்கரை நடுவில் இழுத்துப் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். நான் எதிரில். பாட்டுக்குப் பாட்டு நான் விளக்கம். மூன்றாவது பாட்டில் கப்பலுக்குப் போன புருஷனுக்காக ஒருத்தியைக் காத்திருக்க வைத்தேன். ஐந்தாவதில் ஒரு ராஜா நாட்டை இழந்தான். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம். நீங்கள் கேனையன் இல்லை, ஆனால் நான் நெய்யைக் குடம் குடமாக வடித்தேன்.

ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியின்போது அந்தத் தட்டைப் போட்டுவிட்டீர்கள். பெண்ணின் அப்பா இலையிலிருந்து எழுந்து வந்து, "ஏங்க, கல்யாண வூட்ல ஒப்பாரி வைக்கிறீங்க?" என்று கேட்டார். உங்கள் தொழிலில் நீங்கள் வாங்கிய ஒரே பேச்சு அது. அதற்குப் பிறகு அது வீட்டுப் பாட்டு மட்டும்தான்.

அந்த வருஷங்களில் உங்களிடம் நான் சில மாற்றங்களைப் பார்த்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள். எட்டுக் குழாய்க்காரர் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் கோயில் கொடையில் பிரசங்கம் நடக்கும்போது மைக் கீச்சென்று ஊளையிட்டது. கூட்டமே காதைப் பொத்திக்கொண்டது. நீங்கள் ஆம்பிளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தீர்கள். நான்தான் ஓடிவந்து குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தேன். கவனம் எங்கே போச்சு என்று சிடுசிடுத்தேன். நீங்கள் சிரித்து மழுப்பினீர்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உங்கள் குழாய் எட்டும் இப்போது கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கின்றன. உப்புக்காற்று ஓரத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. ரெக்கார்டு பிளேயரை மட்டும் அக்கா யாரையும் தொட விடவில்லை.

இனி போன வாரக் கதை. சரோஜாக்கா மறுபடி ஊருக்கு வந்திருக்கிறார்கள். துக்கம் கேட்க அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். பேச்சுவாக்கில் அக்கா, "நீ குடுத்த தட்டத்தான் அவரு கடைசி வரைக்கும் போட்டுக் கேட்டாரு" என்று சொல்லி, பிளேயரைத் துடைத்து முள்ளை வைத்தாள். அதே நிதானமான டிரம். அதே கனத்த குரல். நான் பெட்டிக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். சரோஜாக்கா மட்டும் புருவத்தைச் சுருக்கினார்கள்.

"என்ன தம்பி, பாட்டு இப்படி நொண்டுது? மிஷின் கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா, இது இப்படித்தான்."

"இப்படியா? என் மவன் இதத்தான் காலையிலேர்ந்து பொழுதுபோற வரைக்கும் போடுவான். நான் தூக்கிட்டு வந்துட்டேன்னு சண்ட போட்டு வேற வாங்கிட்டான். எனக்கே மனப்பாடம்." எழுந்து வந்து வேகம் மாற்றும் குமிழை நாற்பத்தைந்துக்குத் தள்ளினார்கள்.

அத்தான், அது ஒரு பெண்.

இருபது வயசு இருக்கும். மூச்சு வாங்க வாங்க, வார்த்தைக்கு வார்த்தை துள்ளிக்கொண்டு பாடுகிறாள். டிரம் ஓடுகிறது. கிட்டார் அழவே இல்லை, பளிச்சென்று அடிக்கிறது. நாலு வருஷமாக நாம் தலை குனிந்து கேட்ட, முள் ஓடுகிற அதே பள்ளத்திலிருந்துதான் இந்தப் பெண் இவ்வளவு சந்தோஷமாக வெளியே வருகிறாள். ஒரே தட்டு. ஒரே முள். இவ்வளவு பெரிய துக்கத்தையும் இவ்வளவு பெரிய சந்தோஷத்தையும் ஒரே கோட்டில் எப்படிச் செதுக்கினார்கள்? அவர்களுக்கே தெரிந்திருக்காது. அதை நினைக்க நினைக்க இன்னும் பிரமிப்பாக இருக்கிறது.

நாலு பேர் சேர்ந்த குழு என்றார்கள் சரோஜாக்கா. துறைமுக ஊர் ஒன்றின் பிள்ளைகள். பெரிய கம்பெனி எதுவும் சேர்த்துக்கொள்ளாததால் அவர்களே தட்டு அடித்து, அவர்களே வட்டக் காகிதத்தில் படம் வரைந்து, கடை கடையாகக் கொண்டுபோய் வைத்தார்களாம். பெரிய தட்டாக இருந்தாலும் நாற்பத்தைந்தில்தான் ஓட்ட வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்ததாம். அந்த அட்டைதான் பெட்டியில் இடமில்லாமல் பிரான்சிலேயே நின்றுவிட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கொரல் எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படிக்கா?"

"நீ மொத நாள் கேட்டுட்டுப் போனியே, அந்த வாரமே அவருக்குச் சந்தேகம் வந்துருச்சு. மத்தளம் இவ்வளவு மெதுவா யாரும் அடிக்க மாட்டாங்களேன்னு நாப்பத்தஞ்சுல வச்சுப் பாத்தாரு. இந்தப் பொண்ணு பாடுனா. எனக்குக் கேட்டுச்சு. அவரு என்னைப் பாத்து, 'பாட்டு எங்க புள்ள? வெறும் மத்தளந்தான் கேக்குது'ன்னாரு."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அக்கா பொறுமையாகச் சொன்னாள். குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து உங்கள் காது எப்போதோ போக ஆரம்பித்துவிட்டது. முதலில் கீச்சுச் சத்தங்கள் போயின. பிறகு பெண்களின் குரல். பிறகு பாட்டில் வார்த்தைகள். மைக் செட்காரனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? அதனால் அக்காவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. பாட்டை நீங்கள் கேட்டுப் போட்டதில்லை. நேரத்தைப் பார்த்து, தட்டைப் பார்த்து, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் போட்டீர்கள். அந்தக் கல்யாண வீட்டுத் தவறு எதனால் என்று இப்போது புரிகிறது. உங்களுக்கு நன்றாகக் கேட்டதை நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டிருக்கிறீர்கள்.

"மெதுவா வுட்டப்ப அந்தக் கொரலு தடிச்சு, அவரு காதுக்கு எட்டிருச்சுடா. நாலஞ்சு வருஷங் கழிச்சு ஒரு பாட்ட முழுசாக் கேட்டாரு. அதான் அன்னிக்கு அழுதாரு" என்றாள் அக்கா.

என் கதைக்கு இல்லை. ஒரு பாட்டு காதில் விழுந்ததற்கு அழுதிருக்கிறீர்கள். அதை நான் என் கணக்கில் எழுதிக்கொண்டு நாலு வருஷம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

"அப்ப நம்ம பாட்டுங்களையும் மெதுவா வச்சுக் கேட்டிருக்கலாமேக்கா?"

"நானும் கேட்டேன். 'அதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச பாட்டு புள்ள. மெதுவா வுட்டா தெருவே சிரிக்கும், எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு கண்டுபுடிச்சிருவாங்க. இந்தப் பாட்டு யாருக்குத் தெரியும்? எந்த வேகத்துல வுட்டா யாரு கேக்கப் போறா?'ன்னாரு."

ஊர் முழுக்கப் பாட்டு உங்களுடையது. அதில் உங்களுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு தட்டு. அதுவும் யாருக்கும் தெரியாததாக இருந்ததால் மட்டும். நீங்கள் கேட்டதை நானும் கேட்டேன் என்று நினைத்திருந்தேனே.

கடைசியில், கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "நான் சொன்ன அர்த்தமெல்லாம் பொய்க்கா. அத்தானுக்குத் தெரியுமா?"

அக்கா சிரித்துவிட்டாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "தெரியாமயா? மூணாவது பாட்டுல ஒரு வாரம் புருசனுக்காகக் காத்திருந்தவ, அடுத்த மாசம் புள்ளைக்காகக் காத்திருந்தா. ராசாவுக்கு ஒரு தடவ ரெண்டு பொண்டாட்டி, இன்னொரு தடவ பொண்டாட்டியே இல்ல. 'இன்னிக்கு உன் தம்பி என்ன கத வுடுறான் பாப்போம்'னுதான் சோத்த அவசரமா அள்ளிப் போட்டுக்குவாரு. நீ வாத்தியார் தொண்டையில சத்தமாச் சொல்லுவியா, அதுவும் அவருக்கு நல்லாக் கேக்கும். ஞாயித்துக்கெழம ஒரு நாளு அவருக்கு ரெண்டு கொரலு கேட்டுச்சுடா. தட்டு ஒண்ணு, நீ ஒண்ணு."

அத்தான், மன்னிப்பு கேட்கலாம் என்று வந்தவனுக்கு நீங்கள் அதற்கும் இடம் வைக்கவில்லை. உங்கள் காது போனதை ஊருக்குத் தெரியாமல் மறைத்தீர்கள். என் பிரெஞ்சின் லட்சணத்தையும் யாரிடமும் காட்டிக் கொடுக்காமல் மறைத்தீர்கள். இரண்டையும் நீங்களே சுமந்திருக்கிறீர்கள். உங்கள் காது விஷயத்தை அச்சில் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதேன். இனிமே யாரு வந்து வேற மைக் செட்டப் பாத்துக்குறேன்னு சொல்லப் போறா?" என்றாள்.

அடுத்த நாளே நோட்டுப் புத்தகத்தோடு தலத்தெருவுக்குப் போனேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சரோஜாக்காவின் எதிரில் உட்கார்ந்து, அவர்கள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, எழுதினேன். நேரில் நீங்கள் கேட்டிருந்தால் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இதுதான் அத்தான் உண்மையான அர்த்தம்.

முதல் பாட்டில் யாரும் கடலில் போகவில்லை. ஒரு பெண் மாடியில் துணி காயப் போடுகிறாள். காற்று ஒரு சட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அங்கே இருக்கிறவன் அதைத் திருப்பிக் கொடுக்க வருவானா என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். இரண்டாவதில் மூன்று சிநேகிதிகள் ஒரே குடையில் நனைந்துகொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். மூன்றாவதில் ஒருத்தி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள். புதுச் செருப்பு கடிக்க, நடந்தே வீட்டுக்குப் போகிறாள். ஏனோ அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. நாலாவதில் தம்பியோடு ஒரே ஆப்பிளுக்குச் சண்டை. ஐந்தாவதில் ராஜா கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போடுகிறார். இனி அவர் வருவது யாருக்கும் கேட்காது என்று மகள் பாடுகிறாள்.

இவ்வளவுதான். நம் தெருவில் நடக்கிற சங்கதிகள். இதை வைத்துக்கொண்டா அவர்கள் அப்படி ஒரு சத்தத்தைக் கட்டினார்கள்? நான் ராஜாவையும் கப்பலையும் தேடி அலைந்தேனே, அந்தப் பெண் ஒரு செருப்புக் கடியை வைத்துக்கொண்டு என்னை இருந்த இடத்தில் அசையாமல் உட்கார வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு நம் பட்டினம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தங்கள் பாட்டைத் தப்பான வேகத்தில் ஒருவர் உள்ளங்கையால் தொட்டுக் கேட்டார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது?

ஆறாவது பாட்டு பாக்கி இருக்கிறது. உங்களுக்கு ரொம்பப் பிடித்தது. அதற்குத்தான் நான் ஆகப்பெரிய கதை விட்டேன். அதில் கிட்டாரும் டிரம்மும் வார்த்தைகளின் மேல் ஏறி நிற்கின்றன. சரோஜாக்காவுக்கும் அது பிடிபடவில்லை. "என் மவனுக்கே தெரியாது தம்பி" என்கிறார்கள். அட்டையிலும் அந்த ஒரு பாட்டின் வரிகளைக் குழுப் பிள்ளைகள் போடவில்லையாம். நான் அவள் வேகத்தில் பத்துத் தடவை கேட்டேன். உங்கள் வேகத்தில், பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, பத்துத் தடவை கேட்டேன்.

என்ன சொல்றா மாப்ள என்று கேட்கிறீர்கள். அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள். வாசல் கதவு திறந்திருக்கிறது, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. சத்தமாகவே சொல்கிறேன்.

தெரியல அத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கேட்பேன். என்றைக்காவது பிடிபட்டால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன். பிடிபடாவிட்டால் கதை விட மாட்டேன், இது சத்தியம்.

உங்கள் பெண்டாட்டிக்குத் தம்பி,
உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குரலாக இருந்த
மாப்ள.